மஞ்சள் வைத்த ஜெர்கின்

பையை மேல வெக்க மாட்டேன்னா விடறானா பாருங்க அந்தக் கண்டக்டர். பஸ்ஸு பாதிக்கு மேல காலியாக் கிடக்குது. நான் பையை மடியில வெச்சிருந்தா இவனுக்கு என்னங்க போச்சு? நீங்க எந்திரிக்க வேண்டாம் தம்பி, ஜன்னலோரமே இருங்க. எனக்குக் காத்து வேண்டாம்.

கோயமுத்தூருக்குத்தானுங்களே? நல்லதாப் போச்சு. நானும் சிங்காநல்லூர்லதான் இறங்கறேன். இறங்கி ஆட்டோ புடிச்சு நேரா மாப்பிள்ளை ஊட்டுக்கு. போயி அந்த ஆளை நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கோணும். என்ன கேக்கறதுன்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்கோணும். இல்லீன்னா கதவைத் திறந்து "வாங்க மாமா"ன்னு ஒரு சிரிப்புச் சிரிப்பாரு, எனக்கு எல்லாம் மறந்து போயிரும். அந்தச் சிரிப்பே எனக்குப் புடிக்கறதில்லீங்க.

நான் தாராபுரத்துல துணிக்கடை வெச்சிருக்கறனுங்க. தெய்வசிகாமணின்னு பேரு. சிகாமணி மென்ஸ் வேர். ஆம்பளைங்க துணி மட்டும்தான். நான் டேப்பைத் தொடவே மாட்டேன். ஆள் படியேறி வர்றப்பவே சொல்லிருவேன். இவருக்கு நாப்பது, அவருக்கு நாப்பத்திரண்டு, இந்தாளு முப்பத்தெட்டு கேப்பான், ஆனாத் தொப்பைக்கு நாப்பதுதான் ஏறும். உங்களுக்கு முப்பத்தாறு. சரிதானுங்களே? பார்த்தீங்களா. எங்க ஊர்ல எவனைக் கேட்டாலும் சொல்லுவான், சிகாமணி கண்ணு வெச்சா அளவு தப்பாதுன்னு.

அப்பேர்ப்பட்டவன்கிட்ட ஒரு ஆள் போன்ல சைஸு சொல்றாருங்க. யாரு? என்ற மாப்பிள்ளை. எனக்கே!

இருங்க, முதல்ல இருந்து சொல்றேன். இப்பெல்லாம் வெறும் சட்டை பேன்ட் வெச்சுக் கடை நடத்த முடியறதில்லீங்க. பசங்க எல்லாம் முரட்டுத் துணியாக் கேக்கறானுக. சாக்கு மாதிரி கனமா பேன்ட், அதுல எட்டு பாக்கெட், மலையேறற பூட்ஸு. எதுக்குடான்னா, பேக்கரிக்குப் போயி டீ குடிக்க. வாங்கிட்டுப் போகட்டும், எனக்கென்ன? என்ற கடைச் சுவத்துல ஆளுயரத்துக்கு ஒரு படம் மாட்டியிருக்கறேன், கம்பெனிக்காரன் குடுத்தது. தாடி வெச்ச ஒருத்தன், கட்டம் போட்ட சட்டை, பனி மலை உச்சியில இடுப்புல கையை வெச்சு நிக்கறான். அந்தப் படத்துக்குக் கீழ தொங்க விட்ட எந்தத் துணியும் ஒரு மாசம் தங்குனதில்ல.

அதுக்குக் கீழ உட்கார்ந்துதான் என்ற பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்து ஹோம்வொர்க் எழுதுவா. பவதாரணின்னு பேரு. ஒரே பொண்ணு. "இவரு எப்படிங்ப்பா அங்க ஏறினாரு?"ன்னு கேப்பா. "அதெல்லாம் பொய் கண்ணு. ஸ்டூடியோவுல எடுத்துட்டுப் பின்னால மலையை ஒட்டிட்டான்"னு சொல்லுவேன். குழந்தைகிட்ட ஒரு பொய் சொல்லாம வளர்த்தவனுங்க நான்.

அவளுக்கு நான் என்ன குறை வெச்சேன்? எங்க ஊட்டுக்குப் பின்னால ஒரு கொய்யா மரம். எந்நேரமும் அது மேலதான் இருப்பா. ஒரு நாள் பார்க்கறேன், உச்சிக் கொப்புல நின்னுட்டுப் பக்கத்து ஊட்டு மொட்டை மாடியைப் பார்த்துக் கையாட்டறா. அன்னைக்கே ஆளைக் கூப்பிட்டு மரத்தை வேரோட வெட்டிப் போட்டுட்டேன். நல்லாக் காய்க்கற மரமுங்க. பொண்ணுக்காக எந்த அப்பன் காய்க்கற மரத்தை வெட்டுவான்? பள்ளிக்கூடத்துல மூணாறு கூட்டிட்டுப் போறாங்கன்னா. வேண்டாம்னுட்டேன். சும்மா வேண்டாங்கல, அன்னைக்கே கொலுசு எடுத்துக் குடுத்தேன். அவ கேக்கறதுக்கு முன்னாடி எல்லாம் வந்துரும். அவ கேக்கவே வேண்டியதில்ல.

அப்படி வளர்த்துக் கோயமுத்தூர்ல பேங்க் வேலை மாப்பிள்ளையாப் பார்த்துக் குடுத்தேன். நவநீதன்னு பேரு. தலை தீபாவளி வந்துது. மாப்பிள்ளைக்குத் துணி எடுக்கறது மாமனார் முறை. நானோ துணிக்கடைக்காரன். சும்மா விடுவனா? பட்டு வேட்டி, சில்க் சட்டைன்னு மனசுக்குள்ள எடுத்து வெச்சுட்டு, முறைக்கு ஒரு வார்த்தை கேக்கலாம்னு போன் போட்டேன். அவரு சொல்றாரு, "வேட்டி சட்டை வேண்டாமுங்க மாமா. ஒரு ஜெர்கின் மட்டும் வாங்கிக் குடுங்க. பனி மலைக்குப் போடறது. படம் அனுப்பறேன். ஆம்பளைங்க மாடல்தான் வேணும். சைஸு ஸ்மால்."

ஸ்மால்! நீங்க மாப்பிள்ளையைப் பார்த்ததில்ல. நிலைவாசல்ல ஒருக்களிச்சு நுழையற உடம்பு. பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே என்ற கண்ணு அளந்தாச்சு, நாப்பத்து நாலு. அந்த ஆளு ஸ்மாலுங்கறாரு. பேங்க்காரனுக்கு லோனு தெரியும், துணி தெரியுமா? போகட்டும்னு விட்டுட்டேன். மனுசன் வாய் தவறிச் சொன்னதை எடுத்துக்காட்டி அசிங்கப்படுத்தக் கூடாது பாருங்க.

கோயமுத்தூருக்கு நானே போனேன். மலையேறறவங்களுக்குன்னே ஒரு பெரிய கடை. தம்பி, நான் உள்ளதைச் சொல்லோணும். அந்த ஜெர்கினை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஊசி போன ஓட்டை ஒவ்வொண்ணு மேலயும் பட்டி ஒட்டியிருக்கான், ஒரு சொட்டுத் தண்ணி இறங்காது. ஜிப்புக்குப் பின்னால ஒரு மடிப்பு, காத்து உள்ள பூராம இருக்க. கழுத்துல ஜிப்பு முடியற இடத்துல, தாடையில குத்தக் கூடாதுன்னு ஒரு துணுக்குத் துணி வெச்சு மூடியிருக்கான். எத்தனை வருசமா துணியோட கிடக்கறேன், அப்படி ஒரு தையலைப் பார்த்ததில்ல. தச்சவன் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு. "என்ன சைஸுங்க?"ன்னான் கடைப் பையன். டபுள் எக்ஸெல்லுன்னேன்.

தீபாவளி விடியக்காலம். எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு மாப்பிள்ளை வந்து நிக்கறாரு. புதுத் துணிக்கு மஞ்சள் வெச்சுத்தானுங்களே குடுப்போம்? காலர்ல, நல்லாத் தெரியற மாதிரி, கட்டை விரல் அகலத்துக்கு இழுகினேன். போட்டுக்குங்க மாப்பிள்ளைன்னேன். போட்டாரு. அளவெடுத்துத் தச்ச மாதிரி உட்கார்ந்துச்சு. பார்த்தீங்களான்னு எல்லாரையும் ஒரு சுத்துப் பார்த்தேன். தாராபுரத்துப் புழுக்கத்துல அதைப் போட்டுட்டு அந்த மனுசன் காலையில பூரா பட்டாசு வெச்சாரு, வேர்த்து ஊத்துது, நான் கழட்ட விடல. போட்டோ எல்லாம் எடுத்தோம். பவா மட்டும் அந்தக் காலர் மஞ்சளையே பார்த்துட்டு நின்னா. மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சு. பட்டுச் சேலைக் கலர் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு நினைச்சேன்.

இதுல என்னங்க என்ற மேல தப்பு? சொல்லுங்க. பாட்டிலை எடுத்துட்டீங்களா, தண்ணி குடிங்க. பரவால்ல.

தை போயி மாசி வந்துது. எங்கண்ணன் பேரனுக்கு எங்க ஊட்லயே காது குத்து. பந்தியில எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்திருக்காங்க. என்ற பொண்ணு ஸ்பூன் கேக்கறா. வாழையிலையில ஸ்பூனுங்க! சொந்தக்காரங்க எல்லாம் திரும்பிப் பார்க்கறாங்க. எனக்கு மானம் போச்சு. "டவுனுக்குப் போனதும் கையில சாப்பிட மறந்து போச்சா?"ன்னு சத்தம் போட்டுட்டேன். அப்பத்தான் கையைப் பார்த்தேன். சோத்துக் கையில ரெண்டு விரல் நுனி கறுத்துத் தோல் உரிஞ்சு கிடக்குது. என்ன ஆச்சுன்னேன். வெந்நீர் கொட்டிருச்சுங்ப்பான்னா. வெந்நீர் கொட்டினா கறுக்குமுங்களா?

மாப்பிள்ளையைத் தனியா இழுத்துட்டுப் போயிக் கேட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டாரு. தையில பனி மலைக்குப் போனது அவர் இல்லீங்களாம். அவருக்கு மருதமலைப் படி ஏறினாலே மூச்சு வாங்குமாம். போனது இவ. கல்யாணத்துக்கு முன்னாடியே காலேஜு டூருன்னு சொல்லிட்டுச் சின்னச் சின்ன மலையெல்லாம் ஏறியிருக்கறா. அந்த ஜெர்கின் இவளுக்கு. பொம்பளைங்க மாடல்ல சரியான பாக்கெட் இல்லைன்னு ஆம்பளைங்க மாடல் கேட்டிருக்கறா. "அவ கேட்டா நீங்க வாங்கித் தர மாட்டீங்கன்னு, எனக்கு வர்ற முறையை அவளுக்குக் குடுத்துட்டேனுங்க மாமா"ங்கறாரு. முறையை மாத்திக் குடுக்கறதாமா! எவனாவது கேள்விப்பட்டதுண்டா?

டபுள் எக்ஸெல்லைப் போட்டுட்டு இவ பனியில ஏறியிருக்கறா. கை நீளம் விரலைத் தாண்டித் தொங்குது. மடிச்சு விட்டா கையுறைக்கு மேல நிக்க மாட்டேங்குது. அடியில காத்து பூந்து மேல வருது. உச்சிக்கு ஒரு பொழுது நடை இருக்கறப்ப விரல் மரத்துப் போச்சு. கூட்டிட்டுப் போனவன் பார்த்துட்டு, நீ இறங்கும்மான்னு திருப்பி அனுப்பிட்டான். கூட வந்தவங்க எல்லாரும் உச்சியைப் பார்த்துட்டு வந்தாங்க, இவ மட்டும் கூடாரத்துல உட்கார்ந்திருந்தாளாம்.

எனக்கு வந்த கோபத்தை என்னன்னு சொல்றதுங்க? "பெரிசா இருந்தா வேற வாங்கிருக்க வேண்டியதுதானே, பேங்க் சம்பளம் வாங்கறீரு இல்ல?"ன்னு மாப்பிள்ளையைக் கேட்டேன். மரியாதை எல்லாம் போச்சு. அவரு மெதுவாச் சொல்றாரு, "நான் சொன்னேன் மாமா. அவதான் வேண்டாம்னுட்டா. அப்பா மஞ்சள் வெச்சுக் குடுத்தது, அதைப் போட்டுட்டுத்தான் ஏறுவேன்னுட்டா."

அறிவிருக்குதுங்களா அவளுக்கு? மஞ்சள் குளிரைத் தடுக்குமா? கேக்கறேன்.

கார்லயே கிடந்த அந்த ஜெர்கினை எடுத்துட்டு வரச் சொன்னேன். பீரோவுல வெச்சுப் பூட்டிச் சாவியை இடுப்புல செருகிட்டேன். "இனி எப்படிப் போறேன்னு பார்க்கறேன். கல்யாணம் ஆன பொண்ணு, விரலைத் தொலைச்சுட்டு நிக்கறதுக்கு மலையாம் மலை"ன்னு கத்தினேன். அவளும் கத்தினா. எனக்கு எதிர்ல நின்னு, மொத தடவையா. என்ன கத்தினா தெரியுங்களா?

"ஊர்ல இருக்கற அத்தனை ஆம்பளைக்கும் பார்த்ததும் அளவு சொல்லுவீங்களே. என்ற அளவு என்னன்னு சொல்லுங்க பார்க்கலாம்."

என்ன கேள்வி தம்பி அது? நான் மென்ஸ் வேர் கடைக்காரன்! பொம்பளைங்க துணி நான் விக்கறதே இல்ல! எனக்கு எப்படித் தெரியும்? இடுப்புச் சாவியை இன்னும் உள்ள தள்ளிச் செருகினேன். எல்லாரும் பார்த்துட்டு நிக்கறாங்க. அவ போயிக் கார்ல ஏறிட்டா.

அதோட சரி. என்கூடப் பேசறதில்ல. அவங்கம்மாவுக்குப் போன் வரும். நான் டிவி சத்தத்தைக் குறைச்சுட்டு உட்கார்ந்திருப்பேன். என்னைத் திட்டறாளான்னு தெரிஞ்சுக்க வேண்டாமுங்களா? திட்டக்கூட மாட்டேங்கறா. அதுதான் எனக்குத் தாங்கறதில்ல. அவங்கம்மா சோறு போடறப்ப "பவா நல்லாருக்கறா"ன்னு சுவத்தைப் பார்த்துச் சொல்லுவா. நான் கேட்டனா?

போன வாரம் அவங்கம்மா சொல்றா, இன்னைக்குச் சாயங்காலம் ரயிலுக்கு மறுபடியும் அதே மலைக்குக் கிளம்பறாளாம். மழைக்கோட்டு ஒண்ணு, அதுக்குள்ள நாலு சட்டை, அவ்வளவுதான் எடுத்துட்டுப் போறாளாம். வேற ஜெர்கின் வாங்க மாட்டாளாம். அப்பா பூட்டி வெச்சாரு, அப்பாவே குடுக்கட்டும்ங்கறாளாம். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க! இந்தப் புடிவாதம் யார்கிட்ட இருந்து வந்துதுன்னே தெரியலீங்க. அவங்கம்மா வழியிலதான் இருக்கோணும்.

என்ன பண்றது நான்? விரல் போனா யாருக்குப் போகும்? எவன் விரலுங்க அது? அவ புறந்தப்ப நான்தான் ஒவ்வொண்ணா எண்ணிப் பார்த்தேன்.

போன வாரமே பீரோவைத் திறந்து அந்த டபுள் எக்ஸெல்லை எடுத்துட்டுக் கோயமுத்தூர்க் கடைக்குப் போயிட்டேன். சைஸு மாத்திக் குடுப்பான்னு. கடைப் பையன் விரிச்சுப் பார்த்துட்டு, "காலர்ல கறை இருக்குதுங்க, எடுக்க மாட்டோம்"ங்கறான்.

கறை! எனக்கு வந்துச்சு பாருங்க. "எதுடா கறை? மஞ்சளுடா அது! தலை தீபாவளிக்கு வெச்ச மஞ்சள்! உங்க ஊட்ல துணிக்கு மஞ்சள் வெக்க மாட்டாங்களா? உங்கம்மா கண்ணாலத்துக்கு என்ன பண்ணினாங்க?"ன்னு கடையே நிக்கற மாதிரி சத்தம் போட்டேன். மேனேஜர் வந்தான். "வித்த துணி இவ்வளவு மாசம் கழிச்சு மாத்தித் தர மாட்டோமுங்க, போர்டு வெச்சிருக்கறோம்"னான். போர்டாம் போர்டு. என்ற கடையிலயும்தான் வெச்சிருக்கறேன், அதுக்காக மனுசன் மனுசனாட்ட நடந்துக்க வேண்டாமா? ஊருக்கு வந்ததும் என்ற கடைப் போர்டைக் கழட்டி எறியோணும்னு இருந்தேன். அப்பறம் பார்த்தா, கழட்டினா இவனுக எல்லாம் வரிசையா வந்து நிப்பானுக. இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

சரி, வேற ஒண்ணு வாங்கலாம்னு பொம்பளைங்க பக்கம் போயிப் பார்த்தேன். அவ சொன்னது நெசமுங்க. ரோஸ் கலரு, ஊதாக் கலரு, இடுப்பை இறுக்கிச் சும்மா அலங்காரத்துக்குத் தச்சு வெச்சிருக்கான். பாக்கெட்டுல கையை விட்டா விரல் கணுவோட நிக்குது. ஒண்ணுல பாக்கெட்டே இல்ல, பாக்கெட் மாதிரி ஒரு கோடு தச்சு விட்டிருக்கான். அங்க நின்ன கடைப் பொண்ணைக் கூப்பிட்டு, "ஏம்மா, பனியில நிக்கறவ கையை எங்கம்மா வெப்பா? உங்க முதலாளி தலையிலயா?"ன்னு கேட்டேன். அது சிரிக்குது. எனக்குச் சிரிப்பா வரல. ஆம்பளைக்கு எட்டு பாக்கெட், அவன் பேக்கரிக்குப் போறான். மலைக்குப் போறவளுக்கு ஒரு கோடு. என்னங்க நியாயம்?

ஆம்பளைங்க மாடல்தான் எடுத்தேன். ஸ்மால். இதோ, இந்தப் பையில இருக்கறது அதுதான். அவ ஊடு அந்தக் கடையில இருந்து நடந்தே போயிரலாம். போகல. கோபத்துல இருந்தேன். திரும்பித் தாராபுரத்துக்கே வந்துட்டேன். ஒரு வாரமா அந்த ஜெர்கினைக் கடையில கல்லாவுக்குப் பின்னால மாட்டிவெச்சுட்டுப் பார்த்துட்டே இருக்கறேன். இது அவளுக்கு ஆகுமா, ஆகாதா? ஸ்மாலுன்னு மாப்பிள்ளை சொன்னதுதான். அந்த ஆளை நம்ப முடியுங்களா? கம்பெனிக்குக் கம்பெனி ஸ்மால் ஒரு மாதிரி இருக்கும். அவங்கம்மாவைக் கேட்டேன். "உங்க பொண்ணு, அவளையே கேளுங்க"ன்னுட்டா.

ஆனா ஒண்ணு தம்பி. அன்னைக்கு அவ எனக்கு எதிர்ல நின்னு கத்தினா பாருங்க, அப்ப இந்தப் பாழாப்போன கண்ணு அளந்திருச்சு. பழக்கம். அவ போனதுக்கப்பறம்தான் எனக்கே தெரியுது. முப்பத்தாறு. உசரம் என்ற தாடை வரைக்கும். தோள் நல்ல அகலம், பொம்பளைப் புள்ளைக்கு இவ்வளவு அகலமான்னு இருந்துச்சு. மலையேறி ஏறி வந்த தோளு போல. ஆனாக் கோபத்துல அளந்த அளவுங்க. ரெண்டு பேரும் கத்திட்டு இருந்தோம். அது சரியா இருக்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியல. என்ற வாழ்க்கையில மொத தடவையா எனக்கு ஒரு அளவு சந்தேகமா இருக்குதுங்க.

பல்லடம் தாண்டிட்டமா? அப்பச் சீக்கிரம் எந்திரிங்க.

ஆமா, உங்களைத்தான். பஸ்ஸு பூரா சீட்டு காலியாக் கிடக்கறப்ப நான் எதுக்கு உங்க பக்கத்துல வந்து உட்கார்ந்தேன்னு நினைச்சீங்க? ஏறினதும் எல்லாரையும் பார்த்தேன். நீங்கதான் அவ உசரம், அவ தோளு. எந்திரிங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க. இதைப் போடுங்க. புழுக்கம்தான், எனக்குத் தெரியாதா? ஒரு நிமிசம். பில்லு இருக்குது, ஆகலைன்னா சூலூர்ல இருந்தே கடைக்குப் போன் போட்டுப் போற வழியில மாத்திரலாம்.

ஜிப்பை மேல வரைக்கும் இழுங்க. தாடை வரைக்கும். குத்துதா? குத்தாது. இப்ப ரெண்டு கையையும் மேல தூக்கிக் கம்பியைப் புடிங்க. நல்லா எட்டி. கயிறு புடிச்சு ஏறறப்ப அப்படித்தானே தூக்குவாங்க? மணிக்கட்டு வெளிய தெரியுதா? தெரியல. இடுப்புக்கிட்ட மேல ஏறுதா? அங்கதான் காத்து பூரும். திரும்புங்க. ஏறல. பாக்கெட்டுல கையை விடுங்க. முழுசாப் போகுதுங்களா? உள்ள சூடா இருக்குதா? பொய் சொல்லாதீங்க தம்பி, உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன், பெரிசா இருந்தா இருக்குதுன்னு சொல்லிப்போடுங்க.

யோவ் கண்டக்டரு, நீ போய்யா. டிக்கெட் எடுத்தாச்சு இல்ல? அப்பறம் என்ன வேடிக்கை?

சரியா இருக்குதுங்களா? நெசமா? நெசமாத்தான் சொல்றீங்களா?

அப்ப உங்க பாட்டில்ல இருந்து என்ற உள்ளங்கையில ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. பொட்டணத்துல மஞ்சள் இருக்குது. கடைக்காரன் கறைன்னு சொல்லுவான்னு இன்னும் வெக்காம வெச்சிருக்கறேன். காலருக்கு உள்பக்கமா வெச்சர்றேன், அவ கழுத்துல படற இடத்துல. வெளிய வெச்சாக் கூட வர்றவங்க சிரிப்பாங்க. இந்த டிரைவரு ஒருத்தன், ரெண்டு நிமிசம் ஆட்டாம ஓட்டினா என்ன கேடு? கழுத்தை நிமித்துங்க. அசையாதீங்க கண்ணு.

ஏனுங்க தம்பி, அந்த உச்சியில ரொம்பக் குளிருமுங்களா?

சரி. வெச்சாச்சு. இனி இதை எந்தக் கடைக்காரனும் திருப்பி வாங்க மாட்டான்.